குதிரைக் கருப்பை அகப்படல அழற்சி

குதிரைக் கருப்பை அகப்படல அழற்சி என்பது பெண்குதிரையின் கருப்பையை உட்புறமாகப் போர்த்தியுள்ள மென்படலத்தில் உண்டாகும் அழற்சி நோய் ஆகும். பெண்குதிரைகளில் கருவுறும் திறன் குறைவதற்கும், கரு தொடக்க நாட்களிலேயே அழிந்து போவதற்கும் உரிய முக்கிய காரணங்களுள் இது ஒன்று. இந்நோய் கண்ட குதிரை பெரும்பாலும் நன்றாகத் தீனி தின்று, காய்ச்சலின்றி, நலமாகவே காணப்படும். குட்டி ஈனாமை ஒன்றே பல வேளைகளில் வெளிப்படும் அறிகுறியாக இருக்கும்.

இனப்பெருக்கப் பின்னணி

பெண்குதிரை பகற்பொழுது நீளும் பருவத்தில் சினைப்பருவம் அடையும் விலங்காகும். அதன் சினைச் சுழற்சி ஏறத்தாழ 21 நாட்கள். அதில் 5 முதல் 7 நாட்கள் வரை அது பொலிக்குதிரையை ஏற்கும். சினைக்காலம் சராசரியாக 340 நாட்கள். எனவே ஆண்டுக்கு ஒரு குட்டி பெற வேண்டுமாயின், குட்டி ஈன்ற ஏறத்தாழ 25 நாட்களுக்குள் குதிரை மீண்டும் சினையாக வேண்டும். பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டில் இயற்கை முறை இணைசேர்க்கையால் பிறந்த குட்டிகள் மட்டுமே பதிவு செய்யப்படுகின்றன. வட அரைக்கோளத்தில் இக்குதிரைகளின் வயது சனவரி 1 முதல் கணக்கிடப்படுகின்றது. ஆகவே கருப்பை நோயால் ஓரிரு சுழற்சிகள் வீணானாலும், அவ்வாண்டில் குட்டி பெறும் வாய்ப்பே இல்லாமல் போகக்கூடும்.

இயல்பான அழற்சியும் நோயும்

பசுவில் இயற்கை இணைசேர்க்கையின்போது விந்து புணர்புழையில் விடப்படுகின்றது. குதிரையிலோ அது நேரடியாகக் கருப்பைக்குள் செல்கின்றது. விந்துடன் நுண்ணுயிரிகளும் அழுக்கும் உட்செல்லும். நுண்ணுயிரி எதுவும் இல்லாவிடினும், விந்தணுக்களே அழற்சியைத் தூண்ட வல்லவை. எனவே இணைசேர்க்கைக்குப் பின் உண்டாகும் அழற்சி நோயன்று. கருப்பை தன்னைத் தூய்மை செய்துகொள்ளும் முறையே ஆகும். வெள்ளையணுக்கள் கருப்பைக்குள் திரண்டு வேண்டாதவற்றை விழுங்குகின்றன. கருப்பைத் தசைகள் சுருங்கி, எஞ்சிய நீர்மத்தைத் திறந்திருக்கும் கருப்பைக் கழுத்தின் வழியே வெளியேற்றுகின்றன. நலமுள்ள குதிரையில் இவை ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் முடிந்துவிடும்.

கருவுற்ற முட்டை கருக்குழாயிலிருந்து ஏறத்தாழ 6ஆம் நாளில் கருப்பையை வந்தடையும். அதற்குள் அழற்சி தணிந்திருக்க வேண்டும். தணியாவிடின் கரு பிழைக்காது. மேலும், அழற்சியுற்ற படலத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து, சினையைக் காக்கும் புரோஜெஸ்தரோன் இயக்குநீரின் ஊற்றான மஞ்சட் சடலத்தை முன்கூட்டியே அழித்துவிடலாம். அப்போது குதிரை வழக்கத்துக்கு முன்னரே சினைப்பருவத்துக்குத் திரும்பும். இவ்வாறு தணியாது நீடிக்கும் நிலை, இணைசேர்க்கை வழி நீடித்த அழற்சி எனப்படும்.

ஆட்படும் குதிரைகள்

கருப்பை நீர்மத்தை வெளியேற்ற இயலாமையே இந்நோயின் அடிப்படை ஆகும். இதற்குப் பல காரணங்கள் உள்ளன.

* வயது முதிர்ந்து பலமுறை ஈன்ற குதிரைகளில் கருப்பை தொங்கித் தாழ்ந்திருக்கும். தசைச் சுருக்கமும் வலுக்குறைந்திருக்கும்.
* முதிர்ந்த வயதில் முதன்முறையாக இணைசேரும் குதிரைகளில் கருப்பைக் கழுத்து போதிய அளவு திறவாதிருக்கலாம்.
* உடல் மெலிவினாலோ முதுமையினாலோ ஆசனவாய் உள்வாங்கி, பெண்குறியின் இதழ்கள் சாய்ந்துவிட்டால், காற்றும் சாணமும் உட்புகும்.
* ஈனும்போது ஏற்படும் கிழிசல்களாலும் இயற்கைத் தடுப்புகள் கெடும்.

நோய்க்காரணிகள்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூஎபிடெமிகஸ், எஷ்சரிச்சியா கோலை ஆகியன அடிக்கடி காணப்படும் பாக்டீரியாக்கள். கிளெப்சியெல்லா நிமோனியே, சூடோமோனாஸ் ஏருஜினோசா ஆகியனவும் நோயுண்டாக்கும். கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் முதலிய பூஞ்சைகளும் இந்நோயை ஏற்படுத்தலாம். மீண்டும் மீண்டும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தப்பட்ட கருப்பையில் பூஞ்சை நோய்க்கு இடம் உண்டாகின்றது.

தொற்றும் கருப்பை அழற்சி

இணைசேர்க்கை வழியே பரவும் தனிவகை நோய் ஒன்று 1977இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் பகுதியில் முதன்முதலாக அறியப்பட்டது. 1978இல் அது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலும் காணப்பட்டது. டெய்லொரெல்லா எக்குவிஜெனிட்டாலிஸ் என்னும் பாக்டீரியா இதற்குக் காரணம். பொலிக்குதிரை எவ்வித அறிகுறியுமின்றி இதனைச் சுமந்து பல பெண்குதிரைகளுக்குப் பரப்பும். ஆகவே பல நாடுகளில் இந்நோய் கண்டால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்னும் விதி உள்ளது. இனப்பெருக்கப் பருவத்துக்கு முன் ஆண், பெண் குதிரைகள் இரண்டிலும் பஞ்சுமாதிரி எடுத்துச் சோதிப்பது முக்கிய தடுப்பு முறையாகும்.

நோயறிதல்

மீயொலிப் படக்கருவியால் கருப்பையில் நீர்மம் தேங்கியுள்ளதைக் காணலாம். பஞ்சுமாதிரியில் பாக்டீரியா வளர்ந்தால் மட்டும் நோய் என்று முடிவு செய்தல் கூடாது. மாதிரி எடுக்கும்போது வெளியிலிருந்து அழுக்கு சேர்ந்திருக்கலாம். எனவே உயிரணு ஆய்வில் வெள்ளையணுக்கள் உள்ளனவா என்பதும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றது. எனினும் சிலவகை பாக்டீரியாக்கள், குறிப்பாக எஷ்சரிச்சியா கோலை, குறைந்த அளவு அழற்சியையே தோற்றுவிப்பதால், வெள்ளையணு இன்மையும் முழுமையான சான்று ஆகாது.

கருப்பைப் படலத்தின் சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வது திசு ஆய்வு ஆகும். கென்னி என்பவர் 1978இல் இதற்கான வகைப்பாட்டை வெளியிட்டார். 1986இல் கென்னியும் டாயிகும் அதனைத் திருத்தியமைத்தனர். அதன்படி குட்டி ஈனும் வாய்ப்பு பின்வருமாறு:

* முதல் வகை: 80 முதல் 90 விழுக்காடு
* இரண்டாம் வகை (அ): 50 முதல் 80 விழுக்காடு
* இரண்டாம் வகை (ஆ): 10 முதல் 50 விழுக்காடு
* மூன்றாம் வகை: ஏறத்தாழ 10 விழுக்காடு

சுரப்பிகளைச் சுற்றி நார்த்திசு பெருகப் பெருக வகை உயரும். அழற்சியைத் தணிக்கலாம், ஆனால் நார்த்திசுவை மீண்டும் இயல்பு நிலைக்குக் கொணர இயலாது. சினையான குதிரையில் இவ்வாய்வு செய்தால் கரு கலையக்கூடும் என்பதால், சினை இல்லை என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும்.

சிகிச்சையும் தடுப்பும்

தேங்கிய நீர்மத்தை அகற்றுவதே சிகிச்சையின் முதற்படி. தூய உப்புநீரைக் கருப்பைக்குள் செலுத்தி, வெளிவரும் நீர் தெளியும்வரை கழுவுவர். பின்னர் ஆக்சிடோசின் ஊசி மூலம் தசைச் சுருக்கம் தூண்டப்படும். விந்தணுக்கள் ஏறத்தாழ 4 மணி நேரத்துக்குள் கருக்குழாயை அடைந்துவிடுகின்றன. ஆகவே இணைசேர்க்கைக்கு 4 மணி நேரத்துக்குப் பின் கழுவினால் கருவுறுதல் பாதிக்கப்படுவதில்லை. நோய்க்கிருமி உறுதியானால் அதற்கேற்ற மருந்து, கிருமியின் உணர்திறனைச் சோதித்த பின் தேர்ந்தெடுக்கப்படும்.

பெண்குறி இதழ்களின் மேற்பகுதியைத் தைத்து மூடும் சிறு அறுவை முறையை அமெரிக்கக் கால்நடை மருத்துவர் காஸ்லிக் 1937இல் விவரித்தார். காற்றும் சாணமும் உட்புகுவதை இது தடுக்கும். ஆனால் ஈனும் காலத்துக்கு முன் தையலிட்ட பகுதியைத் திறந்துவிட வேண்டும். தவறினால் ஈனும்போது கிழிந்துவிடும்.

ஆட்படும் குதிரைகளை ஒரு சினைப்பருவத்தில் ஒருமுறை மட்டும், முட்டை வெளிப்படும் நேரத்தை ஒட்டி இணைசேர்ப்பது நல்லது. ஒவ்வொரு இணைசேர்க்கையும் புதிய அழற்சியைத் தூண்டும் என்பதே காரணம்.

ஈன்ற பின் நஞ்சுக்கொடி 3 மணி நேரத்துக்குள் விழாவிட்டால், உடனே மருத்துவரை அழைத்தல் வேண்டும். அதனால் உண்டாகும் கடுமையான கருப்பை அழற்சி, குளம்பின் உட்பகுதி அழற்சிக்கு வழிவகுத்து, குதிரையின் உயிருக்கே ஆபத்தாகலாம். மற்ற வேளைகளில் குட்டி பெறும் வாய்ப்பை மட்டும் குறைக்கும் கருப்பை நோய், இந்நிலையில் தாய்க்குதிரையையே இழக்கச் செய்யும்.