கோட்ஃப்ரீட் போம்

கோட்ஃப்ரீட் போம் (23 ஜனவரி 1920 – 9 ஜூன் 2021) ஜெர்மானியக் கட்டடக் கலைஞர். போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனியில், குறிப்பாகக் கொலோன் நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சார்ந்து, பல பத்து கத்தோலிக்கத் தேவாலயங்களை வடிவமைத்தார். 1986இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் ஜெர்மானியர் அவரே. கான்கிரீட்டின் ஆள் என்றே அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் கான்கிரீட்டை விடாமல் பற்றியிருந்தது அவருடைய நூறாண்டு வாழ்வில் ஏறக்குறைய ஒரு பத்தாண்டுதான்.

ஃப்ராங்க்ஃபர்ட்டை அடுத்த ஆஃபன்பாஹ் நகரில் பிறந்தார். தந்தை டொமினிகுஸ் போம் அக்காலத்தில் ஜெர்மனியின் முதன்மையான தேவாலயக் கலைஞர். கொலோனின் புனித எங்கல்பெர்ட் ஆலயத்தைப் பரவளைய வடிவக் கூரைகளால் 1930களின் தொடக்கத்திலேயே கட்டி முடித்தவர். பாட்டனாரும் கட்டடத் தொழிலில் இருந்தவர். கோட்ஃப்ரீட் போரில் ரஷ்ய முனையில் காயமடைந்து திரும்பியபின் மியூனிக்கில் கட்டடக் கலை பயின்று 1946இல் பட்டம் பெற்றார். அங்கேயே நுண்கலைக் கழகத்தில் சிற்பமும் கற்றார். தந்தையின் நிழலிலிருந்து அவரை விலக்கி நிறுத்தியது இந்தச் சிற்பப் பயிற்சிதான் என்று கொள்ள இடமுண்டு. 1948இல் உடன் பயின்ற எலிசபெத் ஹாகன்முல்லரை மணந்தார். அவரும் கட்டடக் கலைஞர். கணவரின் பல வடிவமைப்புகளில் அவர் பங்கு இருந்தபோதிலும் பெயர்ப் பலகையில் அது நெடுங்காலம் ஏறவில்லை.

தனியே ஏற்றுச் செய்த முதற் பணி, கொலோன் நகர நடுவில் குண்டுவீச்சில் அழிந்த புனித கொலும்பா ஆலயத்தின் இடத்தில் எழுந்த சிற்றாலயம். ஆலயம் சரிந்து கிடக்க, தூண் ஒன்றில் நின்ற மரியன்னை சிலை மட்டும் பெருஞ்சேதமின்றித் தப்பியிருந்தது. அச்சிலையை நடுவாக வைத்து, எட்டுப் பட்டைக் கூடாரம் போன்ற சிறிய கூடம் ஒன்றை 1950இல் முடித்தார். ‘இடிபாடுகளின் மாதா’ என்று ஊரார் அதை அழைக்கிறார்கள். பழைய ஆலயத்தை மீட்டெழுப்பவும் இல்லை, எஞ்சிய சுவர்களை அகற்றவும் இல்லை. சிதைவை ஏற்று அதற்குள்ளேயே புதியதை நுழைக்கும் இந்த முறை பிற்காலப் பணிகள் பலவற்றிலும் தொடர்ந்தது. சுவிஸ் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் 2007இல் முடித்த கொலும்பா அருங்காட்சியகம் இந்தச் சிற்றாலயத்தையும் தன் சுவர்களுக்குள் அடக்கிக்கொண்டது. அருங்காட்சியகம் பெரிதும் புகழப்பட்டாலும், வெளிவானத்தின் ஒளிக்கென அமைந்த சிற்றாலயச் சன்னல்கள் அதனால் இழந்தது சிறிதல்ல.

1951இல் நியூயார்க்கில் சில மாதங்கள் பணியாற்றிய போம், அமெரிக்கப் பயணத்தில் நவீனக் கட்டடக் கலை முன்னோடிகளான மீஸ் வான் டெர் ரோவையும் வால்ட்டர் குரோப்பியஸையும் சந்தித்தார். திரும்பி வந்து தந்தையின் அலுவலகத்தில் பணியாற்றினார். 1955இல் தந்தை மறைந்ததும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. இக்காலத்து ஆலயங்கள் மெலிந்தவை. எஃகுக் கம்பி வலையைத் துணிபோலத் தொங்கவிட்டு அதன்மேல் கான்கிரீட் பூசும் மெல்லிய கூரையை அவர் பலவாறு சோதித்துப் பார்த்தார்.

1960களில் இந்த மென்மை மாறியது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் (1962–65) திருப்பலியில் மக்களின் பங்கேற்பை வலியுறுத்தியதால், பலிபீடத்தைச் சுற்றி மக்கள் கூடும் அமைப்புகளுக்கு வழி பிறந்தது. நீண்ட மண்டபமும் தொலைவில் பீடமும் என்ற பழைய திட்டம் தளர, கலைஞர்களின் கைக்கட்டு அவிழ்ந்தது. அதன் உச்சம் நெவிகஸ் சிற்றூரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் பொறுப்பிலிருந்த யாத்திரைத் தலத்துக்காக அவர் கட்டிய மரியன்னை ஆலயம். அதற்கான வடிவமைப்புப் போட்டியின் முதற்சுற்றில் அவர் தேர்வாகவில்லை. பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்த கொலோன் கர்தினால் ஃப்ரிங்ஸ், மாதிரிகளைக் கையால் தடவிப் பார்த்தே இதைத் தேர்ந்தார் என்றொரு கதை உண்டு. கதை எப்படியாயினும், கட்டடம் விரலுக்குப் புலப்படும் வகையைச் சேர்ந்ததுதான்.

1968இல் திருநிலைப்படுத்தப்பட்ட அவ்வாலயம், கொலோன் உயர்மறைமாவட்டத்தில் கொலோன் பேராலயத்துக்கு அடுத்த பெரிய தேவாலயம். யாத்திரிகர் தங்கும் விடுதியை ஒட்டி மெல்ல ஏறும் படிப்பாதையில் நடந்தால், கூரையும் சுவரும் ஒரே கான்கிரீட்டாய் மடிந்து கூர்முனைகளாய் எழும் மலை தெரிகிறது. உள்ளே நுழைந்தவுடன் இருட்டு கண்ணைக் கட்டிவிடும். பழகிய பிறகே போம் தாமே வரைந்த வண்ணக் கண்ணாடிகளின் செந்நிற ரோஜா தெரியும். நிலையான பெஞ்சுகளுக்குப் பதில் நாற்காலிகள், சுவரோரம் அடுக்கடுக்கான மாடங்கள், தெருவிளக்குகளை ஒத்த விளக்குகள்: பயண முடிவில் யாத்திரிகர் வந்து சேரும் ஊர்ச்சந்தியாகவே அவர் அதைக் கருதினார்.

அதே பத்தாண்டில் பென்ஸ்பெர்க் நகராட்சிக்கு, இடைக்காலக் கோட்டையின் எஞ்சிய மதில்களையும் கோபுரங்களையும் விடாமல் வளைத்துக்கொண்டு கான்கிரீட் நகரமன்றம் எழுந்தது. உள்ளூர்க்காரர்கள் அதற்குக் ‘குரங்குப் பாறை’ என்று பெயர் சூட்டினார்கள். இன்று அந்நகரின் அடையாளமே அதுதான். கொலோன் லிண்டன்தாலின் ‘கிறிஸ்து உயிர்ப்பு’ ஆலயத்தில் (1970) கான்கிரீட்டோடு செங்கல்லும் கலந்தது. அதன்பின் தேவாலய வேலைகளும் குறைந்தன.

1963 முதல் 1985 வரை ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பின்னாளில் அவர் கை எஃகுக்கும் கண்ணாடிக்கும் மாறியது. ஸ்டுட்கார்ட்டில் சூப்ளின் நிறுவனத்துக்குக் கட்டிய அலுவலகம் (1984), இரண்டு சிவப்புக் கான்கிரீட் தொகுதிகளுக்கிடையே ஒரு பெரும் கண்ணாடிக் கூடம். சார்புருக்கன் அரண்மனையின் நடுப்பகுதியையும் அவரே கண்ணாடியும் எஃகுமாகப் புதுக்கினார். பெர்லின் ரைக்ஸ்டாக் மாளிகைக்கு மக்கள் ஏறிச் செல்லத்தக்க கண்ணாடிக் குவிமாடத்தை 1980களின் இறுதியிலேயே வரைந்து வைத்திருந்தார். பின்னர் அங்கே எழுந்த நார்மன் ஃபாஸ்டரின் குவிமாடத்தைப் பற்றிப் பேசுவோர் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். உல்ம் நகர நூலகமும் (2004) பாட்ஸ்டாம் ஹான்ஸ் ஓட்டோ நாடக அரங்கும் (2006) எண்பதைத் தாண்டிய வயதில் முடிந்தவை.

நான்கு மகன்களில் ஸ்டெஃபான், பீட்டர், பால் மூவரும் கட்டடக் கலைஞர்கள், மார்க்குஸ் ஓவியர். கொலோனின் மத்திய மசூதி பால் பெயரில் உள்ளது; 2006இல் அதற்கான போட்டியை வென்றபோது தந்தையும் உடனிருந்தார்.

நெவிகஸ் கூரைக்கு மேலுறை எதுவும் இடப்படவில்லை. வெறும் கான்கிரீட்டே மழையைத் தாங்கும் என்று நம்பினார்கள். தாங்கவில்லை. விரிசல் வழியே நீர் பல பத்தாண்டுகள் கசிந்தது. செயற்கைப் பிசின் பூச்சும் பலிக்கவில்லை. ஆஹன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய, கார்பன் இழைத் துணி பொதிந்த மெல்லிய கான்கிரீட் அடுக்கைப் போர்த்தித்தான் 2010களின் பிற்பாதியில் தொடங்கிய சீரமைப்பு நடந்தது. பொறுப்பேற்ற கலைஞர் பீட்டர் போம். கம்பி வலையில் கான்கிரீட் பூசிப் பார்த்த தந்தையின் இளமைக்காலச் சோதனைகளுக்கு இம்முறை தூரத்து உறவுதான்.