சரவிளக்கின் கணக்கு

புனே நகரத்துக்குத் தென்மேற்கே, முட்டா நதியின் குறுக்கே 1879-ஆம் ஆண்டில் பூர்த்தியான கடக்வாஸ்லா அணை, நகரத்துக்குக் குடிநீரும் நிலங்களுக்குப் பாசன நீரும் வழங்குவதற்கென எழுப்பப்பட்டதாயினும், விநாயகர் உற்சவ காலத்தில் அந்நகரத்தார் அதனை வேறொரு காரணத்துக்காகவும் நினைப்பதுண்டு. மூர்த்திகள் விசர்ஜனமாகும் நாளில் நதியில் நீரோட்டம் இருக்கவேண்டுமென்று சில ஆண்டுகளில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படுகிறது. வெள்ளம் ஓர் அளவைத் தாண்டியதும் தாமே திறந்து, தணிந்ததும் தாமே மூடிக்கொள்ளும் மதகுகளைப் பொறியாளர் விசுவேசுவரய்யா வடிவமைத்து, 1903-இல் முதன்முதலாகப் பொருத்தியதும் இங்கேதான். தாங்கக்கூடிய அழுத்தம் எவ்வளவு என்றறிந்து வேலை செய்யும் அந்த வித்தை, உற்சவத்துக்கு விளக்குச் சரம் கட்டுபவருக்கும் இன்றியமையாதது.

1893-இல் புனேயில் பொது உற்சவமாகப் பரவத் தொடங்கிய விநாயகர் வழிபாடு, எண்ணெய் விளக்கையும் பின்னர் பெட்ரோமாக்ஸையும் கடந்து மின்விளக்குக்கு வந்தது. அவ்வுற்சவம் பரவத் தொடங்குவதற்குப் பதினோராண்டு முன்னமே, 1882 டிசம்பரில், நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 பல்புகளை ஒளிரச் செய்திருந்தார்.

நம் ஊர் மைக்செட்காரர்கள் 'சீரியல் செட்' என்று வழங்கும் பழைய சரத்தில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். 230 வோல்ட்டை ஆறு வோல்ட் பல்புகள் பகிர்ந்துகொள்ள ஏறத்தாழ 38 பல்புகள் வேண்டும். வாசலின் அகலத்துக்கு இது நீளமென்று பாதியை வெட்டி எறிந்தால், பாதிப் பேர் விலகிய பல்லக்கை மீதிப்பேர் தூக்குவதுபோல, ஒவ்வொரு பல்பின்மேலும் இருமடங்கு வோல்ட் ஏறி அனைத்தும் கருகிப்போகும். ஆகவே, குட்டையான சரம் வேண்டுவோர் பல்பின் தொகையைக் குறைக்காது, இடைக்கம்பியை மட்டும் வெட்டி நெருக்கினர்; நீண்ட சரம் வேண்டுவோர் தனிச்சரங்களை மின்வாயிலில் அருகருகே இணைத்தனர். எழுதப்படாத இந்தக் கணக்கைக் கையிலேயே வைத்திருந்த அத்தொழிலாளிகளை, உற்சவத்தின் சிற்பிகளோடு சமமாக எண்ணுவதே நியாயம் என்பேன்.

இன்றைய எல்.இ.டி. பட்டைகளோ வேறு விதமானவை. 12 வோல்ட் பட்டையில் பெரும்பாலும் மூன்று விளக்குகளும் ஒரு மின்தடையும் தனித்தனிக் குழுவாக அமைந்திருப்பதால், குறியிட்ட இடத்தில் கத்தரித்தால் எஞ்சிய குழுக்களுக்குப் பாதகமில்லை. ஆனால் வெட்டிய துண்டுகளை மீண்டும் சேர்க்குமிடத்தில் பழைய கைவேலையே கைகொடுக்கிறது: மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, உறையை உரித்து, செம்புக் கம்பியை முறுக்கி, ஈயம் பற்றவைத்து, இரு கம்பிகளின் ஒட்டுகளும் ஒன்றையொன்று தொடாதபடி முன்பின்னாக விட்டு, மேலே உறை ஏற்றி முடித்தாலன்றி, மழை இன்னும் ஓய்ந்திராத பாத்ரபத மாதத்துப் பந்தலில் எந்தச் சரத்தையும் நம்பித் தொங்கவிடுவதற்கில்லை.