முற்றி வருவது, மண்ணில் முற்றுவது

குளோரினுக்குச் சாகாத ஒட்டுண்ணிகள் என்று பேச்சு வந்தால் கிரிப்டோஸ்போரிடியத்தையும் டாக்ஸோபிளாஸ்மாவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம். இரண்டும் மலத்தோடு ஊசிஸ்டுகளாக வெளியேறுகின்றன. ஆண், பெண் செல்கள் கூடி உண்டாகும் கருவைக் கெட்டிச் சுவர் மூடிக் காக்கும் நிலை அது. இரண்டும் வாய் வழியாகவே உள்ளே போகின்றன. ஆனாலும் இவற்றை ஒரே பட்டியலில் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உடலை விட்டு வெளியே விழும்போதே ஒன்று நோய் தரத் தயாராக இருக்கிறது, மற்றது இல்லை. யாருக்கு நோய் வரும், அதை எந்த இடத்தில் மறிக்கலாம் என்ற கேள்விகளுக்கு விடை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

கிரிப்டோஸ்போரிடியத்தின் ஊசிஸ்டு 4 முதல் 6 மைக்ரான் அளவுதான். உள்ளிருந்து வெளிவந்து தொற்றும் செல்களான 4 ஸ்போரோசோயிட்டுகளும் குடலிலேயே முற்றிவிடுகின்றன. குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட தாயின் விரலில் ஒட்டியது அந்த மணி நேரத்திலேயே அடுத்த குழந்தையின் வாய்க்குப் போனாலும் தொற்றும். அதற்கு அதிகம் தேவையும் இல்லை. தன்னார்வலர்களைக் கொண்டு செய்து 1995ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 132 ஊசிஸ்டுகள் பாதிப் பேருக்குத் தொற்றை உண்டாக்கப் போதும் என்று கணித்தது. கழிச்சல் கண்ட ஒரு கன்று ஒரே நாளில் கோடிக்கணக்கில் வெளியேற்றும். இன்னொரு கொடுமையும் உண்டு. சில ஊசிஸ்டுகளின் சுவர் மெல்லியது. அவை வெளியே வராமல் குடலுக்குள்ளேயே வெடித்து அதே ஆளை மீண்டும் பற்றுகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு வயிற்றுப்போக்கு மாதக்கணக்கில் நீள்வதற்கு இது ஒரு காரணம்.

டாக்ஸோபிளாஸ்மாவின் ஊசிஸ்டு பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டுமே உருவாகிறது. நோயுள்ள எலியைத் தின்ற பூனை 3 முதல் 10 நாட்களில் அதை வெளியேற்றத் தொடங்கி, ஒன்றிரண்டு வாரங்களில் நிறுத்திவிடும். அதற்குள் லட்சக்கணக்கில், சில சமயம் கோடிக்கணக்கில் மண்ணில் சேர்ந்துவிடும். விழும்போது அது வெறும் கரு. காற்றும் ஈரமும் வெப்பமும் வாய்த்தால் 1 முதல் 5 நாட்களில் உள்ளே இரண்டு உறைகளும், உறைக்கு நான்காக 8 ஸ்போரோசோயிட்டுகளும் உருவாகும். அதன் பிறகுதான் அது நோய் தரும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையை விரட்டிவிடு என்று சொல்பவர்கள் இதை அறிய வேண்டும். பூனையின் மலத்தை வேறொருவர் நாள்தோறும் அப்புறப்படுத்திவிட்டால் அது முற்றவே இடமில்லை. பூனையை மடியில் வைத்திருப்பதைவிட, எப்போதோ ஏதோ பூனை கழித்த தோட்ட மண்ணைக் கிளறிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடுவதுதான் ஆபத்து.

தாக்குப்பிடிக்கும் ஆற்றலிலும் இரண்டும் பிரிகின்றன. கிரிப்டோஸ்போரிடியத்தைக் குளோரினால் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க, லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் 10 நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். எந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்தாலும் முடியாத காரியம். ஆனால் அதை உலரவிட்டால் சில மணி நேரத்தில் செத்துவிடும். டாக்ஸோபிளாஸ்மாவுக்கும் குளோரின் பொருட்டில்லை. அது முற்றிய பிறகு மண்ணில் 18 மாதங்கள் வரை உயிரோடு இருந்ததாகக் கள ஆய்வு உண்டு. குளிர்ந்த நீரில் நான்கு ஆண்டுகளுக்கு மேலும் தொற்றும் தன்மை மாறாமல் இருந்திருக்கிறது. முற்றாத நிலையில் மட்டும் அது சூட்டுக்கும் உறைகுளிருக்கும் எளிதில் மடியும். கொதிக்கவைத்த தண்ணீரில் இரண்டுமே பிழைப்பதில்லை.

ஊர்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு துலங்கும். 1993ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஏறத்தாழ 4,03,000 பேர் கிரிப்டோஸ்போரிடியம் தந்த வயிற்றுப்போக்கால் விழுந்தார்கள். மிச்சிகன் ஏரி நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் வடிகட்டல் தவறியது. முதலில் மாடுகள் மேல்தான் சந்தேகம். பின்னர் மரபணுவைப் பார்த்தபோது அது மனிதரிடையே பரவும் வகை என்று தெரிந்தது. 1995ல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்தது வேறு. 100 பேருக்கு டாக்ஸோபிளாஸ்மா நோய் உறுதியானது. அவர்களில் 19 பேருக்கு விழித்திரை அழற்சி. வடிகட்டப்படாத நீர்த்தேக்கத்தில் மழையும் கலங்கலும் கூடிய பின்பே நோய் உச்சம் தொட்டது. வீட்டுப் பூனையோடு காட்டில் திரியும் பூமாவும் சந்தேகத்துக்கு உள்ளானது.

நம் ஊரில் இதே ஜோடி வேலூரும் கோயம்புத்தூரும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நெரிசலான குடியிருப்புகளின் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து வந்தவர்கள். புட்டித் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் நகராட்சித் தண்ணீர் குடித்த குழந்தைகளையும் அவர்கள் ஒப்பிட்டபோது, கிரிப்டோஸ்போரிடியம் தொற்றுவது புட்டித் தண்ணீரால் குறையவில்லை. இதில் எனக்கு வியப்பில்லை. முற்றிய நிலையில் வெளிவரும் ஒன்றுக்குக் குழாய் தேவையில்லை. கையும் தரையும் அண்டை வீட்டுக் குழந்தையும் போதும். கோயம்புத்தூரில் 2004-05ல் 248 பேர் பார்வை மங்கிக் கண் மருத்துவர்களிடம் வந்தார்கள். டாக்ஸோபிளாஸ்மா அவர்கள் விழித்திரையைத் தாக்கியிருந்தது. ஆய்வாளர்களின் விரல் நகராட்சிக் குடிநீரை நோக்கியே நீண்டது. மண்ணில் முற்றி, நீரில் இறங்கி, தொலைவில் இருப்பவரைத் தொடும் நோய்க்கு ஏற்ற வழிதான் இது. வேலூரில் தண்ணீரை மட்டும் மாற்றியது போதவில்லை. கோயம்புத்தூரில் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடித்தவர் வீட்டுக்குள் எவ்வளவு சுத்தமாக இருந்தும் தப்பியிருப்பது கடினம். அங்கே நீர்பிடிப்புப் பகுதியையும் வடிகட்டியையும் மழைக்காலக் கலங்கலையும் கவனிக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்திலோ இரண்டுக்கும் ஒரே முட்டுக்கட்டை: ஊசிஸ்டை எப்படிப் பெறுவது? கிரிப்டோஸ்போரிடியத்துக்குக் கன்றும் எலியும், டாக்ஸோபிளாஸ்மாவுக்குப் பூனையும் வேண்டியிருந்தன. சாதாரண செல் வளர்ப்பில் கிரிப்டோஸ்போரிடியத்தின் ஆண், பெண் செல்கள் உருவாகியும் கூடுவதில்லை என்று 2019ல் காட்டினார்கள். அதே ஆண்டு டாக்ஸோபிளாஸ்மாவின் பூனை ரகசியமும் அவிழ்ந்தது. லினோலிக் அமிலத்தை மாற்றும் ஒரு நொதி பூனையின் குடலில் செயல்படுவதில்லை. அதனால் அங்கே அந்த அமிலம் மிகுந்திருக்கிறது. எலியில் அந்த நொதியைத் தடுத்து, உணவில் லினோலிக் அமிலத்தையும் சேர்த்தபோது எலியே ஊசிஸ்டை வெளியேற்றியது. அமெரிக்க வேளாண் துறை பூனைகளுக்கு நோயேற்றும் சோதனையைக் கைவிட்டதும் அதே ஆண்டில்தான். பல உயிர்களை மிச்சப்படுத்தக்கூடிய இந்தக் கண்டுபிடிப்பை அந்த ஆண்டின் பெரிய செய்தியாகவே நான் கருதுகிறேன்.

தடுப்பூசி முயற்சிகளும் இதே பிளவைப் பின்பற்றுகின்றன. டாக்ஸோபிளாஸ்மாவில் செல்கள் கூடுவதற்கு வேண்டிய ஒரு புரதத்தின் மரபணுவை நீக்கி, அந்த ஒட்டுண்ணியையே பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் உண்மையான தொற்று வந்தும் பூனை ஊசிஸ்டை வெளியேற்றவில்லை. மூலத்திலேயே அடைக்கும் வழி அது. கிரிப்டோஸ்போரிடியத்தில் சினைப் பசுவுக்கு ஊசி போட்டுச் சீம்பால் வழியாகக் கன்றைக் காப்பது ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. மனிதக் குழந்தைக்கு இரண்டில் எதற்கும் தடுப்பூசி இன்னும் இல்லை.