யந்திரம் மாற்றியவர்களின் புகைக்குழாய்

பம்பாயின் குர்லாவில்தான், வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் ஸ்தாபித்த, பியட் வண்டிகளைச் செய்த பிரீமியர் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியதும், இந்தியாவின் பல நகரங்களில் பியட், அம்பாஸடர் வண்டிகளின் பெட்ரோல் யந்திரத்தைக் கழற்றிவிட்டுப் பழைய டீசல் யந்திரத்தை இறக்கும் வழக்கம் பரவிற்று. ஆனால் வேற்று யந்திரத்தின் புகைவாய் ஸ்டியரிங் தண்டிலோ சட்டத்திலோ இடிக்குமாதலால், புகைக்குழாயைப் புதிதாகக் கட்டியே தீரவேண்டும். பட்டறைக்காரர் கேஸ்கட்டைத் தடித்த இரும்புத் தகட்டின்மேல் வைத்துக் கோடிழுத்து, துளை வெட்டி, உலர்ந்த மணலை இறுகத் திணித்த குழாயைச் சிவக்கக் காய்ச்சி வளைத்து, தகட்டைச் சிலிண்டர் ஹெட்டிலேயே போல்ட் போட்டு முறுக்கிக்கொண்டு முதலில் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைப்பார்கள். இல்லையேல் வெல்டிங் சூட்டில் தகடு கோணி, சந்து வழியே புகை கக்கும். நான்கு சிலிண்டரின் குழாயும் சமநீளமாயிருந்தால் ஒன்றின் புகை மற்றொன்றை மறிக்காது என்பது பந்தய வண்டிக்காரர் சாஸ்திரம். டாக்ஸிக்காரருக்கோ, கியர் போடும்போது கால் சுடாதிருந்தாலே போதும். அவர் கட்சியே நியாயமென்பேன். 1990-களில் பிரீமியர் கம்பெனியே தன் பத்மினி வண்டியில் இத்தாலிய டீசல் யந்திரத்தைப் பொருத்தி விற்றது; பட்டறைக்காரர் வெகுகாலமாகச் செய்துவந்த காரியந்தான் அது.