உத்தரவாத அட்டை இல்லாத காலம்

உத்தரவாதக் காலத்தில் பழுதாகும் கணினிப் பாகத்துக்கு மாற்றாக, திருத்திப் புதுப்பித்த பாகமே பல வேளைகளில் வருகிறது. யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிதன்று.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்விநியோகம் நின்றது. பொருளாதாரத் தடையால் பற்றரியும் எரிபொருளும் வரவில்லை. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. பழுதான பொருளுக்கு வேண்டிய உதிரிப்பாகத்தைப் பழுதான இன்னொன்றிலிருந்தே கழற்றவேண்டியிருந்தது. அட்டை ஏது? அது எதிலிருந்து கழற்றியது என்று திருத்துபவர் சொல்லும் சொல்லே உத்தரவாதம்.

2002இல் ஏ-9 வீதி திறந்தபின் புதிய பொருள்கள் தாராளமாக வந்தன. புதுப்பித்ததைத் தரும் நிறுவனங்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று நாம் கேட்பது, அந்நாளைய திருத்துபவர்களிடம் கண்ட நேர்மையைத்தான்.