சிக்கோ மென்டிஸ் சேகரிப்புக் காப்பகம்

பிரேசிலின் மேற்குக் கோடியில், பொலிவியாவும் பெருவும் தொட்டுக்கொள்ளும் ஆக்ரி மாநிலத்தில் உள்ள காடு. பரப்பு ஏறத்தாழ 9.7 லட்சம் ஹெக்டேர். 1990 மார்ச் 12-இல் அரசாணை மூலம் அமைக்கப்பட்டது. காட்டைக் காக்க மக்களை வெளியேற்றுவதுதான் உலகின் பல இடங்களில் வழக்கமாக இருந்தது. இங்கோ, காட்டுக்குள் ரப்பர் பால் வெட்டியும் கொட்டை பொறுக்கியும் பிழைத்தவர்களிடமே காடு ஒப்படைக்கப்பட்டது. இவ்வகைக் காப்பகத்தைப் போர்த்துக்கீசிய மொழியில் ‘ரெசெர்வா எஸ்த்ராத்திவிஸ்தா’ என்பார்கள். மரத்தை வீழ்த்தாமல், அது தருவதைச் சேகரித்து வாழ்பவர்களுக்கான காப்பகம் என்று விரித்துக்கொள்ளலாம்.

ரப்பரின் தாயகம் அமேசான். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, பிறகு மலாயா முழுவதும் பரவின. கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றிப்போனவர்கள் நிரை பிடித்துப் பால் வெட்டியது அந்த மரங்களின் வழிவந்தவற்றில்தான். அந்தத் தோட்ட ரப்பர் சந்தைக்கு வந்து குவிந்ததும், 1910-க்குப் பிறகு அமேசானின் ரப்பர் வணிகம் படுத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனபோது அமெரிக்காவுக்கு மறுபடி அமேசான் நினைவுக்கு வந்தது. 1942-க்குப் பின் பிரேசிலின் வறண்ட வடகிழக்கிலிருந்து 50,000-க்கும் மேற்பட்டோர் ‘ரப்பர் படைவீரர்கள்’ என்ற பெயரில் காட்டுக்குள் இறக்கப்பட்டார்கள். ஆக்ரியின் பல குடும்பங்கள் அவர்கள் வழி வந்தவை.

அமேசானிலேயே தோட்டம் போட்டிருக்கலாமே என்று தோன்றும். கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு 1920-களின் இறுதியில் தபஜோஸ் ஆற்றங்கரையில் போட்டுப் பார்த்துத் தோற்றார். மரங்களை நெருக்கி நட்டால், அந்த மண்ணுக்கே உரிய இலைக்கருகல் பூஞ்சை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி எல்லாவற்றையும் மொட்டையாக்கிவிடுகிறது. காட்டில் ரப்பர் மரங்கள் வேறு மரங்களுக்கிடையே தள்ளித் தள்ளி நிற்பதால் தப்பிக்கின்றன. ஆசியத் தோட்டங்கள் செழித்ததற்கு, அந்தப் பூஞ்சை கடல் கடந்து வராததும் ஒரு காரணம்.

ஆகவே ஆக்ரியின் பால்வெட்டுக்காரருக்கு நிரை கிடையாது, பாதைதான். மரத்துக்கு மரம் வளைந்து போகும் அந்த ஒற்றையடிப் பாதையை ‘எஸ்த்ராதா’ என்கிறார்கள். ஒன்றில் நூறு முதல் இருநூறு மரங்கள் வரை இருக்கும். விடியுமுன் புறப்பட்டு, வெட்டிக்கொண்டே ஒரு சுற்று. பால் வடிந்த பிறகு சேர்த்தெடுக்க இன்னொரு சுற்று. ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று பாதைகள் உண்டு. இன்று வெட்டியதற்கு நாளை ஓய்வு. வீடும், மரவள்ளிக் கொல்லையும், பாதைகளும் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குச் சுமார் 300 ஹெக்டேர் ஆகும். வேலி இல்லை, எந்த மரம் யாருடைய பாதையில் நிற்கிறது என்பதே எல்லை.

மழைக்காலத்தில் பால் வெட்ட முடியாது. அப்போது பிரேசில் கொட்டை கைகொடுக்கும். 40 மீட்டருக்கு மேல் ஓங்கும் இம்மரத்தின் காய், தேங்காய்போலக் கெட்டியான ஓட்டுக்குள் கொட்டைகளை அடக்கியது. இரண்டு கிலோ வரை எடை இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை தானாக உதிரும். தலையில் விழுந்தால் உயிர் போய்விடும் என்பதால் காற்றடிக்கும்போது மரத்தடிக்கு யாரும் போவதில்லை. மகரந்தத்தைச் சேர்ப்பவை காட்டில் வாழும் பெரிய தேனீக்கள். ஓட்டைக் கடித்துத் திறந்து விதையைப் புதைத்துவைத்து மறந்துபோவது அகூட்டி என்ற கொறிவிலங்கு. காடு இல்லாவிட்டால் இரண்டும் இல்லை.

காப்பகம் வருமுன் நிலம் முதலாளிகளுடையதாக இருந்தது. மாவு, உப்பு, தோட்டா எல்லாம் அவர்கள் கடையில் பற்று. பாலை அவர்களுக்கே விற்றாக வேண்டும். கணக்கு ஒருநாளும் தீராது. 1970-களில் இராணுவ அரசின் சலுகைகளோடு தெற்கிலிருந்து மாட்டுப் பண்ணைக்காரர்கள் வந்து இந்த நிலங்களை வாங்கினார்கள். காட்டை வெட்டி, தீ வைத்து, புல் விதைத்தார்கள். 1976-இல் ஆக்ரியின் பிரசிலேயா ஊரில் பால்வெட்டுக்காரர்கள் திரண்டு, வெட்ட வந்த கூலியாட்களை மறித்தார்கள். ‘எம்பாத்தி’ எனப்பட்ட இந்த மறியல்களில் பெண்களும் குழந்தைகளும் முன்வரிசையில் நின்றதுண்டு. வெட்ட வந்தவர்களும் ஏழைகள்தாம். அவர்களிடம் பேசி, ரம்பத்தைக் கீழே போடவைப்பதே உத்தி. அவ்வூர்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வில்சன் பின்ஹெய்ரோ 1980 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவருக்குப் பின் ஆக்ரியின் ஷாப்புரி ஊரைச் சேர்ந்த சிக்கோ மென்டிஸ் (1944–1988) முன்னணிக்கு வந்தார். சிறுவயதிலேயே பால்வெட்டுக்குப் போனவர். எழுத்துக் கற்றுக்கொண்டது, காட்டில் தலைமறைவாக இருந்த ஒரு பொதுவுடைமைக்காரரிடம். வெளிநாடுகள் அவரைச் சூழலியல் தியாகி என்றே நினைவில் வைத்திருக்கின்றன. அவரோ முதலில் தொழிற்சங்கக்காரர். பால்வெட்டுக்காரர்களின் பிழைப்பு நிலைக்க மரம் நின்றாக வேண்டும் என்பதிலிருந்து தொடங்கியவர். 1985 அக்டோபரில் தலைநகர் பிரசிலியாவில் நடந்த பால்வெட்டுக்காரர்களின் முதல் தேசிய மாநாட்டில்தான் சேகரிப்புக் காப்பகம் என்ற கோரிக்கை உருவானது. தனித்தனிப் பட்டா வேண்டாம் என்றார்கள். வளைந்து போகும் பாதைகளைச் சதுரத் துண்டுகளாக அறுத்துப் பட்டா போட்டால் யாருக்கும் முழுப் பாதை மிஞ்சாது. 1988 டிசம்பர் 22 இரவு, வீட்டுப் பின்வாசலில் மென்டிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்ணையார் டார்லி அல்விஸ் டா சில்வாவும் மகனும் இக்கொலைக்காக 1990-இல் தலா 19 ஆண்டு தண்டனை பெற்றார்கள். அதே ஆண்டு காப்பகங்கள் பிறந்தன. முதலாவது, ஜனவரியில் அமைந்த ஆல்ட்டோ ஜுருவா.

காப்பகத்தின் நிலம் மத்திய அரசினுடையது. குடும்பங்களுக்குப் பயன்பாட்டு உரிமை உண்டு. விற்கும் உரிமை இல்லை. தன் பங்கில் பத்தில் ஒரு பகுதி வரைதான் திருத்தலாம் என்பது குடியிருப்போர் ஏற்றுக்கொண்ட விதி. 2007 முதல் மேற்பார்வை செய்யும் அரசு நிறுவனத்துக்கு மென்டிஸின் பெயரே வைக்கப்பட்டது.

உரிமை கிடைத்த அளவுக்கு வருமானம் கிடைக்கவில்லை. காட்டில் சேகரிக்கும் பொருளுக்கு மதிப்புக் கூடினால் யாராவது அதைத் தோட்டத்தில் வளர்த்து விலையை உடைத்துவிடுவார்கள் என்று பிரேசில் வேளாண் பொருளியலாளர் அல்ஃப்ரெடோ ஓமா எச்சரித்தார். ரப்பரின் கதையே அவருக்குச் சாட்சி. 1999-இல் ஆக்ரி மாநில அரசு காட்டு ரப்பருக்கு மானியம் தந்தது. 2008-இல் ஷாப்புரியில் காட்டுப் பாலில் ஆணுறை செய்யும் ஆலை திறக்கப்பட்டது, பின்னர் மூடப்பட்டது. பிரெஞ்சுக் காலணி நிறுவனமொன்று இன்றும் ஆக்ரியின் ரப்பரை வாங்குகிறது.

இந்த இடைவெளியில் மாடு உள்ளே வந்தது. பண்ணைக்காரர்களை எதிர்த்த குடும்பங்களே மாடு வாங்கின என்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ரப்பர் விற்றுக் காசாக்க முடியாது, மாட்டை விற்கலாம். அது தன் காலால் நடந்தே சந்தைக்குப் போகும், மழையில் கெடாது, விலையும் எளிதில் சரியாது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் காட்டழிப்பு மிகுந்த பிரேசில் காப்பகங்களின் வரிசையில் இக்காப்பகமும் சேர்ந்துவிட்டது. அதன் எல்லையைச் சுருக்கும் மசோதா ஒன்றும் 2019-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. என்றாலும் வேலியற்ற இந்த எல்லைக்கு வெளியே, சாலையோரத்தில் மிஞ்சியிருக்கும் காட்டோடு ஒப்பிட்டால், உள்ளே நிற்கும் காடு பெரிது. விலை தடுமாறியபோதும் காட்டைத் தாங்கி நின்றது நில உரிமைதான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஷாப்புரிக்கும் பிரசிலேயாவுக்கும் போகும் பி.ஆர்.-317 நெடுஞ்சாலையின் இருபுறமும் இப்போது புல்வெளி. நடுநடுவே பிரேசில் கொட்டை மரங்கள் தனித்து நிற்கின்றன. அவற்றை வெட்டுவது சட்டப்படி குற்றம். சுற்றிலும் காடு இல்லாததால் தேனீக்கள் வருவது அரிது. பல மரங்கள் காய்ப்பதில்லை.