அசன்பேயின் கண்ணீரும் நமது கண்ணீரும்

1885இல் கண்டி வழக்கறிஞர் சித்திலெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுவது. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் அதைப் பாடமாக ஒப்புவித்தேன். எந்த வர்க்கம் எழுதியது, எந்த வர்க்கம் வாசித்தது என்று விளக்கினேன். கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) காட்டிய பாதை அது, பாதையில் பிழையில்லை. ஆனால் வாசகர் ஏன் நூலைக் கீழே வைக்கவில்லை என்ற கேள்வி எங்கள் வினாத்தாள்களில் வந்ததேயில்லை. இன்பம் எங்களுக்குச் சற்றுச் சந்தேகத்துக்குரிய சரக்கு.

கெய்ரோவில் உயர்குடியிற் பிறந்த குழந்தை களவாடப்பட்டு பம்பாயில் வளர்கிறது. பின்னர் கல்கத்தா செல்கிறது. ஈற்றில் எகிப்தில் பெற்றோரைச் சேர்கிறது. கண்டி வாசகருக்கு கெய்ரோ எங்கே, தாம் எங்கே? ஆயினும் எகிப்து அன்று அவருக்கு வெறும் பெயரல்ல. 1882இல் எகிப்தைக் கைப்பற்றிய பிரித்தானியர், ஒராபி பாஷாவையும் தோழர்களையும் 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடு கடத்தினர். ஒராபி 1901 வரை அங்கிருந்தார்; சித்திலெப்பை அவருடன் பழகியவர். நாடிழந்த எகிப்தியர் நடமாடிய தீவில், வீடு திரும்பும் எகிப்தியப் பிள்ளையின் கதை எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் தொடுப்பது என் ஊகந்தான். ஆனால் அகதியான பிறகே அந்த ஊகம் எனக்கு வந்தது.

ரொறன்ரோ உளவியலாளர் கீத் ஓட்லி, விமானிகள் தரையிலிருந்தே பறந்து பழகும் பாவனைக் கருவிக்குப் புனைகதையை ஒப்பிடுகிறார். ஆபத்து பொய், உணர்வு மெய். நல்ல விளக்கம்; எனினும் இது பயனைச் சொல்கிறதே தவிர இனிமையைச் சொல்லவில்லை. நீதி புகட்டவே எழுதினோம் என்று நம் பழைய நாவலாசிரியர்கள் முன்னுரையில் சமாதானம் கூறியதும் இதே கணக்குத்தான்.

மெல்பேர்ணில் இரவு வேலைக்கு நடுவே கிடைக்கும் அரைமணி நேர இடைவேளையில், பாடமாக அல்லாமல் அந்நூலை முதற்தடவையாக வாசித்தேன். அசன் பெற்றோரைச் சேர்ந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்த வியட்நாமியர் வீட்டில் ஏதும் துக்கமா என்று விசாரித்தார். யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்த செய்தி தொலைபேசியில் வந்த அன்று நான் அழவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன். என் துக்கத்தின் அருகே போக எனக்குப் பயம். அசனின் துக்கம் எனதல்ல என்பதால் பயமின்றிப் போனேன். அழுதது யாருக்காக என்பது வீட்டுக்கு வந்து படுத்த பின்னர்தான் விளங்கியது. மனம் இலேசாகியிருந்தது, அதை இன்பம் என்றே சொல்வேன்.

என் மனைவி ரயிலில் வாசிக்கும் ரமணிசந்திரன் நாவல்களைப் பற்றி நான் அடித்த பகிடிகளை இவ்விதழின் வாசகர் சிலர் நேரிற் கேட்டிருப்பீர்கள். அவற்றுட் பெரும்பாலானவற்றை மீளப் பெறுகிறேன்.